குணபூஷணம் ரசிகர் மன்றத்தை நான் ஏன் மூடவில்லை

அன்புள்ள தினா,

ஞாயிற்றுக்கிழமை போனில் மண்டபம், சமையல்காரர், பெண் வீட்டார் வந்து இறங்கும் நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கப் போகிற சமயத்தில் நீ ஒன்று கேட்டாய். “ஏம்மா, அந்த மன்றம் இன்னும் ஓடிக்கினு இருக்கா? மூடிட்டு நிம்மதியா இரும்மா. இப்ப யாரும்மா அங்க வராங்க?” நீ அக்கறையாகத்தான் கேட்டாய். எனக்கு முதுகுவலி, கண்ணாடி மாற்ற வேண்டும், கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. “பாக்கலாம்டா” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் மின்னஞ்சலுக்கு அனுப்பாமல் மன்றத்திலேயே எல்லோரும் படிக்கும்படி போடுகிறேன். இங்கே இருப்பவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அவர்களுக்குத் தெரியாமல் எழுதுவது நன்றாக இருக்காது. நான் தப்பாக எதையாவது சொன்னால் உடனே திருத்துவதற்கும் இங்கே ஆள் இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்கு இதெல்லாம் தெரியும், இருந்தாலும் படி. கும்மிடிப்பூண்டியில் நம் வீட்டில் ஞாயிறு மத்தியானம் டிவியில் பழைய படம் ஓடும். உன் அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் கம்பி மில்லில் ஷிப்டு வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் எங்களோடு உட்காருவார். ஒரு நாள் படத்தில் ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது, ஒரு டாக்டர் வெளியே வந்தார், கண்ணாடியைக் கழற்றினார், “ஸாரி சார்” என்று தலையை ஆட்டினார், வெளியே காத்திருந்த அம்மா கதறினாள். அவ்வளவுதான் அவர் வேலை. உன் அப்பா துள்ளி எழுந்து, “நைனா, இந்த ஆளுதான்டா போன வாரம் தந்தி குடுத்தாரு! போஸ்ட்மேன் டிரஸ்ல!” என்றார். நீ நம்பவில்லை. அடுத்த வாரம் அதே ஆள் ஜட்ஜாக வந்து சுத்தியலைத் தட்டினார். அன்றிலிருந்து அது நம் வீட்டு விளையாட்டாகிவிட்டது. யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் கத்த வேண்டும். நான் சமையலறையிலிருந்து சாரணிக் கரண்டியோடு ஓடி வருவேன். படம் ஆரம்பிக்கும்போது ‘மற்றும்’ என்று போட்டுப் பொடி எழுத்தில் வரும் பெயர்களில் தேடித் தேடி அவர் பெயர் குணபூஷணம் என்று நீதான் கண்டுபிடித்தாய்.

நீ காலேஜில் சேர்ந்த பிறகு ஸ்டேஷன் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு தளத்தில் இந்த மன்றத்தை ஆரம்பித்தாய். ஒரு காட்சிக்கு மேல் எந்தப் படத்திலும் வராத ஒருவருக்கு ரசிகர் மன்றம்! முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், “டாக்டர் வந்துட்டார், எல்லாம் முடிஞ்சுது!” என்று போட்டாய். நான் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். நாம் மூன்று பேர் மட்டும் சிரித்துக்கொண்டிருப்போம் என்று நினைத்தால், சிங்கப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லோர் வீட்டிலும் யாரோ ஒருவர் அவரைக் கவனித்திருக்கிறார். ஊருக்கு ஊர் அவர் முகத்தைத் தெரிந்து வைத்திருந்திருக்கிறார்கள், பெயர்தான் தெரியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் “நிறுத்துங்க” என்று ஓடி வருபவர், ஏலம் போடுபவர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் என்று தினமும் ஒரு குணபூஷணம் கிடைத்தார். காலையில் மன்றத்தைத் திறந்தால் ராத்திரி நடந்த வாக்குவாதங்களைப் படித்து முடிக்கவே எனக்கு டிபன் ஆறிவிடும்.

பிறகு உனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. புறப்படும் முன்னால் ஒரு சனிக்கிழமை என்னை உட்கார வைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தாய். “சும்மா பாத்துக்கோம்மா. யாராவது கெட்ட வார்த்த எழுதினா அழிச்சிடு, அவ்ளோதான்.” நான் கம்பெனி டைம் ஆபீசில் தமிழ் டைப் அடித்தவள். விசைகள் இருக்கும் இடம் விரலுக்குத் தெரியும். அதனால் மன்றத்தை என்னிடம் விட்டுப்போவது உனக்குச் சுலபமாக இருந்தது. மன்றத்தின் பொற்காலமும் நீ போன கையோடு முடிந்தது. உன்னால் இல்லை. எல்லாப் படங்களையும் எல்லோரும் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு காட்சியும் பட்டியலில் ஏறிவிட்டது. புதுப் படத்தில் நடிக்க குணபூஷணம் உயிரோடும் இல்லை. இளசுகளெல்லாம் புதிதாக வந்த தளங்களுக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் எல்லாம் என்னைப் போல, தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. வினாடி வினா வைத்தேன். ‘இந்த மாதத்தின் சிறந்த ரசிகர்’ என்று பட்டம் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு முறையாவது எழுதாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். டைம் ஆபீஸ் புத்தி! வராதவனுக்கு மெமோ. அதைப் பார்த்து இருந்தவர்களில் நாலு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். “ரசிப்பதற்கும் அட்டென்டன்சா அம்மா?” என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார். நியாயமான கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் பழவேற்காடு கமால் காணாமல் போனார். உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னோடேயே வாரக்கணக்கில் சண்டை போட்டவர். கூட்டத்தில் மூன்றாவதாக நிற்கும் ஆள் குணபூஷணமா இல்லையா என்று அவர் ஆரம்பித்தால் விடவே மாட்டார். அவர் இருந்தால் தலைவலி, இல்லாவிட்டால் மன்றமே சவசவ என்றிருந்தது. தனிச்செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை. உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், “ஆள காணோம்னா நேரா போயி பாக்க வேண்டியதுதானே? கம்பெனில ஒருத்தன் சொல்லாம கொள்ளாம நின்னுட்டா நாங்க ஊட்டுக்குப் போயி இன்னா ஏதுன்னு கேக்கறதில்ல? அவரு இன்னா அமெரிக்காவுலயா கீறாரு, இங்க கீற பழவேற்காடு.”

எனக்கு அது தோன்றவே இல்லை பார். கம்ப்யூட்டருக்குள் இருப்பவர்களை கம்ப்யூட்டருக்குள்தான் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொன்னேரி வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். கமால் பாய் இறால் வியாபாரம் செய்தவர், கடைத்தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அவர் மகள் ஷமீம் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் லுங்கியும் பனியனுமாக ஒருவர் டேப்ரிக்கார்டரைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாப்பா, யாரோ உங்கள பாக்க வந்துகீறாங்க.”

“யாரு?”

“கும்மிடிப்பூண்டி மன்றத்து அம்மா” என்றேன்.

அவர் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது, ஆனால் கண் என் மேல் நிற்கவில்லை. “யா அல்லா! நீங்களா? அந்த மெமோ அனுப்பறவங்க? வாங்க, வாங்க. நாஷ்டா ஆச்சா? ஷமீம், மொதல்ல இவங்களுக்கு எதுனா குடு. தங்கச்சி, உங்கள நேர்ல பாத்தா நல்லா நாலு வார்த்த திட்டணும்னு இருந்தேன். இப்ப பாக்க முடியாம போச்சு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஷமீம்தான் விளக்கினாள். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மன்றத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றிருக்கிறார். “மூஞ்சியே தெரியாதவன் நடிகர் மன்றத்துல இன்னா பண்றது, சொல்லுங்க? கண்ணு கீறவனோட நான் எப்டி சண்ட போடுவேன்?” என்றார் என்னிடம்.

அதற்குள் டீ வந்தது. டேப்ரிக்கார்டரில் ஏதோ பழைய படத்தின் ஒலிச்சித்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வானொலியில் வசனமும் பாட்டுமாகப் போடுவார்களே, அதை அந்தக் காலத்தில் கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தது. உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டே, “இதுல நம்மாளு இல்லியே” என்றார். கமால் பாய் கையை உயர்த்தி, “கொஞ்சம் இருங்க” என்றார். டேப்பில் கதாநாயகன் யாருக்கோ போன் செய்கிறான். மறுமுனையில் ஒரு குரல் அவசரமாக, “ராங் நம்பர் சார், இது காய்கறி மண்டி!” என்று சொல்லி வைத்துவிடுகிறது.

“யாரு அது?” என்று கேட்டார் கமால் பாய்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ‘சார்’ என்ற இழுப்பு. டாக்டர் “ஸாரி சார்” என்று சொல்லும் அதே இழுப்பு. உன் அப்பா தொடையைத் தட்டினார். “அடப்பாவி! குணபூஷணம்!”

“படத்துல அவரு மூஞ்சி கெடையாது. அதான் பட்டியல்லயும் கெடையாது. நீங்கல்லாம் கண்ணால தேடிக்கினு இருந்தீங்க” என்றார் கமால் பாய். அவரும் அப்போதுதான் அதை யோசித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சொல்லிவிட்டு டீயை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து ‘கண்ணுக்குத் தெரியாத குணபூஷணம்’ என்று மன்றத்தில் புதிய விவாத இழை ஆரம்பித்தேன். கமால் பாய் சொல்லச் சொல்ல ஷமீம் டைப் அடித்தாள். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, கோர்ட்டில் மூன்று தடவை பெயர் கூப்பிடுகிற குரல், ரேடியோவில் செய்தி வாசிப்பவர், திருவிழாவில் குழந்தை காணவில்லை என்று மைக்கில் சொல்பவர். முகத்துக்கு ஒரு காட்சிதான் கொடுத்தார்கள், குரலை எங்கெல்லாமோ பயன்படுத்தியிருக்கிறார்கள். பார்த்துத் தீர்த்த படங்களையெல்லாம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கேட்க ஆரம்பித்தார்கள். கோபித்துக்கொண்டு போன நாலு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மெமோவை நான் அதோடு விட்டுவிட்டேன். அதற்குப் பதில் கமால் பாய் ‘நாஷ்டா ஆச்சா?’ என்று ஓர் இழை ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் எல்லோரும் அதில் ஒரு வரி எழுதுவார்கள். இட்லி, நேற்றைய சப்பாத்தி, ஆஸ்பத்திரியில் கஞ்சி, அவ்வளவுதான். பொதட்டூர்பேட்டையில் தனியாக இருக்கும் ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு நாள் “இன்று சமைக்கத் தோன்றவில்லை” என்று மட்டும் எழுதினார். கணவர் போய் ஒரு வருஷம் ஆன நாள் அது. மத்தியானத்துக்குள் அவருக்குப் போன் மேல் போன். திருத்தணியிலிருந்து ஒரு ரசிகர் சாப்பாட்டுக் கேரியரோடு போய் நின்றுவிட்டார். அங்கே போய் அவரும் டீச்சரும் ஏலக்காரர் வேஷத்தைப் பற்றிச் சண்டை போட்டார்களாம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கடிதம் வந்தது. மன்றத்தின் முகவரிக்கு மின்னஞ்சல். “நான் குணபூஷணத்தின் மகள். அலுவலகத்தில் ஒரு பெண் உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டிச் சிரித்தாள். செத்துப்போன மனிதரை இன்னும் எத்தனை நாள் கிண்டல் செய்வீர்கள்? தயவுசெய்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். மல்லிகா.” நான் அதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு மறுபடியும் வந்து படித்தேன். மன்றத்தில் நெருங்கியவர்களிடம் கேட்டேன். யாரோ விளையாடுகிறார்கள் என்றார் ஒருவர். சினிமாவில் நடித்தால் பேசத்தான் செய்வார்கள், அழிக்கச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது என்றார் இன்னொருவர். கமால் பாய் போன் பண்ணினார். “பெத்த பொண்ணு மனசு நோவுதுன்னு சொல்லுது. அப்புறம் இன்னா தங்கச்சி பேச்சு? மூடுன்னா மூடிடணும்.” அவருக்கு அந்த மன்றம் என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அவரே அப்படிச் சொன்ன பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அன்றே மன்றத்தை யாரும் பார்க்க முடியாதபடி மூடினேன். மல்லிகாவுக்கு, “மூடிவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் உங்களை ஒரு முறை நேரில் பார்த்துப் பேச வேண்டும்” என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று பதில் வந்தது.

அவர் வீடு செவ்வாப்பேட்டையில். நானும் உன் அப்பாவும் பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறிப் போனோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. தினமும் ரயிலேறிச் சென்னையில் ஒரு ஆபீசுக்குப் போய் வருகிறார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

“மேடம், உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நான் ஸ்கூல்ல படிக்கறப்போ பசங்க சொல்வாங்க, உங்கப்பா வந்தா சாவு வரும்னு. சரி, அது பசங்க. பெரியவங்களே அப்டித்தான் இருந்தாங்க. எங்க தெருவுல ஒரு கல்யாணத்துக்குக் கூட அப்பாவ கூப்ட மாட்டாங்க. எல்லார் ஊட்டுக்கும் பத்திரிகை வரும், எங்க ஊட்ட தாண்டிப் போயிடும். அப்பா அன்னைக்கு அயர்ன் பண்ண சட்டைய போட்டுக்கினு வாசல்லயே உக்காந்துருப்பாரு. ஒருவேள கடைசி நேரத்துல யாராவது கூப்பிடுவாங்கன்னு. நீங்க மொத பக்கத்துல போட்டுகீறீங்களே ஒரு வரி, அத பாத்ததும் எனக்கு அந்தச் சட்டதான் ஞாபகம் வந்துச்சு.”

தினா, நீ அந்த வரியை எழுதும்போது உனக்கு இது தெரியாது. படித்துச் சிரித்தபோது எனக்கும் தெரியாது. நமக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துச் சந்தோஷம். அதே ஆள் அவர் தெருவில் எப்படி இருந்தார் என்று நாம் எங்கே யோசித்தோம்? “அந்த வரிய எடுத்துட்டேன். மீதியும் நீங்க சொன்னா போயிடும்” என்றேன். உன் அப்பா குறுக்கிட்டு, “ஆனா நாங்க அவர கிண்டல் பண்றவங்க இல்லம்மா. எங்களுக்கு அவர புடிக்கும். எத்தன வருஷமா அவரத் தேடிக்கினு இருக்கோம்” என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலே பையிலிருந்து கமால் பாய் கொடுத்தனுப்பிய சின்ன டேப்ரிக்கார்டரை எடுத்து மேஜையில் வைத்து அழுத்திவிட்டார்.

“ராங் நம்பர் சார், இது காய்கறி மண்டி!”

மல்லிகா சட்டென்று சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போன சத்தம் கேட்டது. “ஊட்ல போட்டோ கீது” என்றார் அவர் கடைசியில். “குரல் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது. படத்துல ஸாரின்னு சொல்றதுதான் கேட்டிருக்கேன். இது ஊட்ல பேசற குரல். கடன் கேக்க யாராவது வந்தா இப்டித்தான் ஏதாவது சொல்லி அனுப்பிடுவாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி போடுங்க” என்றார். உன் அப்பா போட்டார். அப்புறம் இன்னொரு வாட்டி. பிறகு அந்தக் கேசட்டில் இருந்த எல்லாவற்றையும். நாங்கள் மத்தியானம் அங்கேயே சாப்பிட்டோம்.

மன்றம் மறுபடியும் திறந்தது. ‘கேலி கூடாது, சண்டை போடலாம்’ என்று ஒரே ஒரு விதி மட்டும் புதிதாக எழுதிவைத்தேன். மல்லிகா முதலில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தார். ஒரு நாள் ‘நாஷ்டா ஆச்சா?’வில் “உப்புமா” என்று எழுதினார். அதற்கு வந்த வரவேற்பைப் பார்த்து அவருக்கே வெட்கமாகப் போயிருக்கும். கொஞ்ச நாள் கழித்து, நீ பட்டியலில் ஏற்றிவைத்த ஒரு காட்சியைக் காட்டி, “இது அப்பா இல்லை. அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். இந்த டாக்டர் வலது கையால் மருந்து எழுதுகிறார்” என்றார். கமால் பாய் விடுவாரா? “டைரக்டர் வலது கையில் எழுதச் சொல்லியிருப்பார்” என்று ஆரம்பித்தார். நடிகரின் சொந்த மகளோடு அவர் அப்பா யார் என்று ஒரு மனிதர் வாதம் செய்கிறார்! எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் மல்லிகா எழுதினார், “பாய், நீங்கள் என் அப்பாவைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது அவர் இல்லை.” அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்த முதல் பத்திரிகையை யாருக்குக் கொடுப்பது என்று நான் யோசிக்கும் முன்பே உன் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். “செவ்வாப்பேட்டைக்கு. போஸ்ட்ல அனுப்பற வேலையே வேணாம்” என்றார். தட்டில் வெற்றிலை, பழம், குங்குமத்தோடு முறையாகப் போய்க் கொடுத்தோம். மல்லிகா வாங்கிக்கொண்டு உறையை ரொம்ப நேரம் பார்த்தார். நாங்கள் ‘மல்லிகா’ என்று மட்டும் எழுதவில்லை. ‘குணபூஷணம் குடும்பத்தார்’ என்று எழுதியிருந்தோம். “நாங்க கண்டிப்பா வருவோம்” என்றார். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தன்று அவர் வந்ததும் நீயும் மருமகளும் மேடையிலிருந்து இறங்கிப் போய் வணக்கம் சொல்லுங்கள். அந்த முதல் பக்கத்து வரியைப் பற்றி நீ எதுவும் பேச வேண்டாம். முன்வரிசையில் உட்கார வைத்து, சாப்பிட்டார்களா என்று நீயே போய்க் கேள். அது போதும்.

கல்யாணம் ஆகிக் குடும்பம் நடத்தப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மன்றத்தில் கற்றுக்கொண்டதுதான். ஆரம்பத்தில் பேசுவதற்கு நிறைய இருக்கும். எல்லாமே புதிதாக இருக்கும். பிறகு ஒரு நாள் எல்லாம் பட்டியலில் ஏறிவிட்ட மாதிரி தோன்றும். பயந்துவிடாதே. வினாடி வினா வைக்காதே, மெமோவும் அனுப்பாதே. ‘நாஷ்டா ஆச்சா’ என்று கேட்பதை மட்டும் நிறுத்தாதே. அவள் ஒரு நாள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தால், பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுக்காமல் எழுந்து போய்ப் பார். அவள் வீட்டு ஆட்களைப் பற்றி நீ சொல்லும் ஒரு நகைச்சுவைக்கு அவள் சிரிக்கவில்லையென்றால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள். நானும் உன் அப்பாவும் நீ போன பிறகு வெறிச்சென்று கிடந்த வீட்டில் இதையெல்லாம் புதிதாகத்தான் கற்றோம். அவரோடு சேர்ந்து இவ்வளவு ரயில் ஏறியது எனக்குக் கல்யாணமான புதிதில்கூட இல்லை.

பத்திரிகை கொடுத்த அடுத்த வாரம் கமால் பாய் வீட்டில் எல்லோரும் கூடினோம். பொதட்டூர்பேட்டை டீச்சர், திருத்தணிக்காரர், மீஞ்சூரிலிருந்து ஒரு தம்பதி, மல்லிகா, நாங்கள். ஷமீம் இறால் பிரியாணி செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்து ஏரிக்காற்று உள்ளே வரும்படி கதவையெல்லாம் திறந்துவிட்டு உட்கார்ந்தோம். கமால் பாய் தன் பெட்டியிலிருந்து ஒரு கேசட்டைத் தடவி எடுத்தார். அதை அதுவரை யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. மல்லிகாவுக்காகவே வைத்திருந்தாராம். ஒரு புராணப் படம். வனத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள், வானத்திலிருந்து அசரீரி ஒலிக்கிறது. கம்பீரமான குரல், காடே நடுங்குகிற மாதிரி. “எல்லாம் டாக்டரு, போஸ்ட்மேனுன்னு சொன்னீங்களே, பாருங்க, சாமிக்கே குரல் குடுத்துகீறாரு நம்மாளு!” என்றார் கமால் பாய். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நாங்கள் எல்லோரும் மல்லிகாவைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். அதையும் கேட்டார்.

“பாய், தப்பா நெனக்காதீங்க. இது எங்கப்பா இல்ல.”

நான் கமால் பாயின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டேப்ரிக்கார்டர் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“நிச்சயமாவா?”

“நிச்சயமா. அப்பாவுக்கு ‘ழ’ வராது. இவரு எவ்ளோ அழகா சொல்றாரு பாருங்க.”

கமால் பாய் டேப்பைப் பின்னால் ஓட்டினார். மறுபடியும் போட்டார். தலையைச் சாய்த்து, காதை அதன் மேலேயே வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பயந்தது போல அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. பசியோடு இருப்பவன் முகம் போல இருந்தது.

“அப்டினா இவரு யாரு?” என்றார்.

டீச்சர் ஒரு பெயர் சொன்னார். திருத்தணிக்காரர் இல்லவே இல்லை என்றார். உன் அப்பா, “இந்தக் குரல நான் வேற எங்கியோ கேட்டுகீறேன், ஒரு படத்துல ரேடியோவுல வரும்” என்று நெற்றியைத் தட்ட ஆரம்பித்தார். மல்லிகா தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து யார் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாங்கள் ஓட வேண்டியதாகிவிட்டது.

அந்த ஒலிக்கோப்பை ஷமீம் ஏற்றியிருக்கிறாள். ‘யார் இந்தக் குரல்?’ என்ற இழையில் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேள் தினா, தெரிந்தால் அங்கேயே எழுது. உன் அப்பா ஒரு பெயர் சொல்லியிருக்கிறார், நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
அம்மா